இரவல் கொள்ளுத் தாத்தா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கொள்ளுத் தாத்தா பிரெஞ்சுக்காரர் இல்லை. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். ஆனால் கிருஷ்ணகிரியில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அது கொடுத்த சான்றிதழில், ஒரு பிரெஞ்சுத் துரையின் வம்சத்தில், மூன்றாவது வரிசையில், இடமிருந்து ஐந்தாவது கட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. மேலே முத்திரையும் இருக்கிறது. இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. நான்தான் அவரை இரவல் கொடுத்தேன்.

வாங்கியவன் மாதப்பன். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவன் மெஷினில், நான் குவாலிட்டியில். மூக்கண்டப்பள்ளியில் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு. ஒன்பது குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ். ஐந்தரைக்கு கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நாலரைக்கே வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். மாதப்பன் மனைவி கவிப்ரியா பன்னிரண்டு வருடமாக அந்த வரிசையில் நின்றவள்.

"எனக்கு ஹாலு வேணாம், கிச்சன் வேணாம். ஒரு பாத்ரூம் கட்டி உள்தாழ்ப்பா போட்டுக் குடு மாமா. மிச்ச வீட்ட பொறுமையா கட்டிக்கலாம்" என்பாள்.

மாமா என்று அவள் சொல்வது வெறும் மரியாதைக்கு இல்லை. அவன் அவளுக்கு உண்மையிலேயே தாய்மாமன். சொந்த அக்கா மகளைக் கட்டியவன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த அலுவலகம் இதை மறக்கவே விடவில்லை.

வேப்பனப்பள்ளிப் பக்கம் அவன் கிராமத்தில் மூன்று சென்ட் மனை உண்டு. போன வருடக் கடைசியில், அரசின் வீடு கட்டும் திட்டத்தில் கவிப்ரியா பெயருக்கு ஆணை வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பேஸ்மெண்ட் மட்டம் வந்து, இன்ஜினியர் போட்டோ எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணை ரத்து. ஜனவரியில் ஜேசிபி வந்து அஸ்திவாரம் தோண்டியது. தோண்டும்போது மனையின் மூலையில் கிடந்த துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் போட்டது. அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது. ஒரு சிலுவை, தெலாமார் என்று ஒரு பெயர், பாதி உடைந்துபோன ஒரு வருடம்.

இந்த இடத்தில் ஓசூர்க் கம்பெனிகளின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வழக்கத்துக்கு மாறாக எதைக் கண்டாலும், தரையில் ஒரு சொட்டு ஆயில் என்றாலும், உடனே சிவப்பு அட்டை கட்டி, போட்டோ எடுத்து, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்நார்மாலிட்டி என்று அதற்குப் பெயர். மாதப்பன் அதில் புலி. ஒரே வருடத்தில் நூற்றுப்பன்னிரண்டு எழுதிக் கொடுத்து ஹாட்பாக்ஸ் பரிசு வாங்கியவன். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கல்லைப் பழையபடி குப்புறத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். இவன் கல்லுக்குச் சிவப்பு அட்டை கட்டினான். நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். 'கண்டறிந்த நேரம்: காலை 10.40. தற்காலிக நடவடிக்கை: வேலை நிறுத்தம்' என்று எழுதி, ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தான்.

"ஏய்யா, ஒன்னைய எவன்யா எழுதிக் குடுக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"பாத்துட்டு எழுதாம எப்பிடிண்ணா இருக்கறது? மனசு கேக்கல" என்றான். கவிப்ரியா அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் பதிவுத் தபால் வந்தது. அனுப்பியவர்: கடல்கடந்த குடியேற்றக் குடும்பங்கள் வம்சாவளி ஆய்வு மையம், மேற்கு எல்லைக் கிளை, கிருஷ்ணகிரி. மனையில் பிரெஞ்சுக் குடியேறி ஒருவரின் நினைவுக் கல் இருப்பதால், அன்னாரின் வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. இப்படி ஒரு மையம் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மாதப்பன் எழுதிக் கொடுக்கும்வரை அதற்கும் தான் இருப்பது சரியாகத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வண்டி என்னிடம் இருந்தது, படிவம் நிரப்பவும் தெரியும். ஆகவே நானும் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியின் மாடியில் மையம் இருந்தது. பதினோரு பேர் வேலை செய்தார்கள். இயக்குநர் முனைவர் ஜெகதீஷ் எங்களை உட்காரச் சொல்லாமல், தான் எழுந்து நின்று பேசினார்.

"இம்மையம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இவ்வெல்லைப் பகுதியில் பிரெஞ்சுக் குடியேற்றக் குடும்பங்கள் எத்தனை என்பதைக் கண்டறிவதே எம் பணி. இதுவரை கண்டறிந்தவை பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யத்தை நாங்கள் மிகத் துல்லியமாகக் கண்டறிந்திருக்கிறோம்."

"சார், இங்க பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா, கல்லுல என்ன எழுதியிருக்குன்னு..." என்று இழுத்தேன்.

"இல்லை. பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர் இருந்தால் ஆய்வில் பாரபட்சம் வந்துவிடும்" என்றார்.

அந்த தெலாமார் யார் என்று கேட்டோம். ஏதோ ஒரு ராஜாவிடம் சம்பளம் வாங்கிய சிப்பாய் என்றார். இரண்டாம் முறை போனபோது அவர் பீரங்கிப் படைத் தளபதி ஆகியிருந்தார். மூன்றாம் முறை போனபோது கிருஷ்ணகிரிக்கு மாங்கன்று கொண்டுவந்ததே அவர்தான் என்றாகிவிட்டது. நல்லவேளை, ஆறு முறையோடு எங்கள் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கே.ஆர்.பி. அணையையும் அவரே கட்டியிருப்பார்.

வாரிசைக் கண்டுபிடிக்கச் சராசரியாக எவ்வளவு காலம் ஆகும் என்று மாதப்பன் கேட்டான். பதினோரு வருடம் என்றார் இயக்குநர். மாதப்பன் முகம் செத்துப்போயிற்று. மார்ச் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

அப்போது உதவியாளர் சௌமியா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, "விதி பதினாலு இருக்குதுங்க சார்" என்றாள். வேறு யாரும் உரிமை கோராதபோது, கல்லுக்கு நூறு மீட்டருக்குள் மனை வைத்திருப்பவர் தன் வம்சப் படிவத்தை ஒரு கட்டமும் காலியில்லாமல் நிரப்பிக் கொடுத்தால், அவரையே வாரிசாகக் கருதலாமாம்.

"அப்ப நான் பிரெஞ்சுக்காரன்னு ஆயிடுமா மேடம்?" மாதப்பன் பயந்துவிட்டான்.

"நீங்க ஆகமாட்டீங்க. ஃபைல்ல ஆவீங்க" என்றாள் சௌமியா.

முதல் சிக்கல் தாய்மாமனில் வந்தது. வீட்டு ஆணை பெண் பெயரில் இருப்பதால், உள்ளூர் வழக்கத்தை மதித்து, அந்தப் பெண்ணின் தாய்மாமனும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்று படிவம் சொன்னது. மாதப்பன் பேனாவை எடுத்தான். சௌமியா தடுத்தாள்.

"நீங்க கணவர் கட்டத்துல போட்டுட்டீங்களே. தாய்மாமனக் கூட்டிட்டு வாங்க."

"நாந்தான் மேடம் அதுவும்."

"ரெண்டு பேரும் ஒருத்தர்னா சிஸ்டம் எடுக்காதுங்க."

விஷயம் இயக்குநரிடம் போனது. அவர் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "கணவர் வெளியே செல்லட்டும். தாய்மாமன் புதிய டோக்கன் எடுத்து வரட்டும். இருவரும் ஒரே நேரத்தில் அறையில் இருக்கக் கூடாது, அவ்வளவே." மாதப்பன் படி இறங்கிப் போய், ஒரு டீ குடித்துவிட்டு, தாய்மாமனாக மேலே ஏறி வந்தான். சௌமியா அவனிடம் பெயர் கேட்டாள், அவனும் சொன்னான். "உங்க வீட்டுப் பொண்ணு நல்லா இருக்காளா, வீட்டுக்காரரு எப்பிடி?" என்று மரியாதைக்கு விசாரித்தாள். "பரவால்லைங்க, கொஞ்சம் அவசரபுத்தி. கண்டதெல்லாம் எழுதிக் குடுத்துடுவாரு" என்று இவன் தன்னைப் பற்றியே குறை சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்தது வம்சப் படிவம். மேல் வரிசையில் அப்பா அம்மா, நடுவில் தாத்தா பாட்டிகள் நாலு பேர், கீழ் வரிசையில் கொள்ளுத் தாத்தா கொள்ளுப் பாட்டிகள் எட்டுப் பேர். ஒருவருக்கு ஒரு கட்டம்தான். ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினால் கம்ப்யூட்டர் சிவப்பு காட்டும்.

மாதப்பன் வீட்டில் அக்கா மகளைக் கட்டுவது அவனோடு தொடங்கிய வழக்கம் இல்லை. அவன் அப்பாவும் தன் அக்கா மகளைத்தான் கட்டினார். அந்த அக்கா கட்டியதும் தன் தாய்மாமனைத்தான். ஆகவே அவன் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அம்மா அப்பா யார் என்று பார்த்தால், அவன் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் பாட்டியுமே வந்து நின்றார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு யார் என்று பார்த்தால், ஏற்கெனவே பக்கத்துக் கட்டத்தில் எழுதிய அதே கிழவனும் கிழவியும் வந்தார்கள். எட்டுக் கட்டத்தில் நாலுதான் நிரம்பியது.

இயக்குநர் அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மனிதனாகப் பிறந்த எவருக்கும் கொள்ளுத் தாத்தா பாட்டிமார் எண்மர். இது கணிதம். உங்களுக்கு நால்வர் குறைகிறார்கள். அவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"எங்கயும் வெக்கலைங்க சார். சொத்து வெளிய போவக் கூடாதுன்னு உள்ளுக்குள்ளயே கட்டிக்கினாங்க."

"என்ன சொத்து?"

"ரெண்டு எருமைங்க."

"நால்வரையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் உயிரோடிருக்கும் வம்சத்தார் ஒருவர், 'இவர் என் கொள்ளுத் தாத்தா' அல்லது 'கொள்ளுப் பாட்டி' என்று சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். பொய்ச் சாட்சி கூடாது. இது நேர்மையான மையம்."

அன்று சாயங்காலம் லைன் வீட்டுக் குழாயடியில் மாதப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். என் மனசுக்கே கஷ்டமாக இருந்தது. கவிப்ரியா படிவத்தை வாங்கி நாலைந்து தடவை படித்தாள். அவள் பத்தாவதுதான். ஆனால் நான் டிப்ளமா படித்தும் கவனிக்காததை அவள் கவனித்தாள்.

"ஏண்ணா, சாட்சி 'இவரு என் கொள்ளுத் தாத்தா'ன்னுதான எழுதணும்? 'இவரு மாதப்பனுக்கும் கொள்ளுத் தாத்தா'ன்னு எழுதச் சொல்லலையே?"

"சொல்லல."

"அப்ப உங்க தாத்தா ஒருத்தர குடுங்கண்ணா. வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறோம்."

சர்க்கரை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெயரும், பல்வலியில் செத்துப்போனார் என்பதும்தான். போகட்டும், நாலு பேருக்கு உதவட்டும் என்று கொடுத்தேன். அதே லைன் வீட்டில் இருந்த விழுப்புரத்து மோகன்குமார் தன் கொள்ளுத் தாத்தாவைத் தந்தான். ஆனால் ஒரு நிபந்தனை, அவர் மகா கோபக்காரராம், ஆகையால் என் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. மன்னார்குடி தங்கமணியம்மா ஒரு கொள்ளுப் பாட்டியைத் தந்துவிட்டு, "மாமியார் வழியிலயும் ஒண்ணு இருக்கு, அத வேணா நிரந்தரமாவே வச்சுக்கங்க" என்றார். நாலாவதாக ஸ்வாதி என்ற திருச்சிப் பெண், ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் பெயர் கேட்டு ஒரு கொள்ளுப் பாட்டியைக் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. சௌமியா முதன்முறையாகச் சிரித்தாள். இயக்குநர் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பாருங்கள். வேப்பனப்பள்ளி, அருப்புக்கோட்டை, விழுப்புரம், மன்னார்குடி, திருச்சி. ஒரு பிரெஞ்சுக் குடும்பம் தமிழகம் முழுவதும் எப்படிப் பரவியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் தேடியது ஒரே லைன் வீட்டில் இருந்திருக்கிறது."

"சார், சான்றிதழ் எப்பங்க சார் கெடைக்கும்?" என்றான் மாதப்பன்.

"சான்றிதழா? விழா எடுக்க வேண்டாமா?"

விழா மார்ச் இருபத்தேழாம் தேதிதான் வைத்தார்கள். அதற்கு முன்னால் இயக்குநருக்கு நல்ல நாள் கிடைக்கவில்லை. வம்ச ஆய்வு மையம் ராகுகாலம் பார்க்குமா என்று நான் கேட்டதற்கு, வம்சம் என்றாலே நாள் பார்க்கத்தான் வேண்டும் என்று பதில் வந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார்கள். மாதப்பனுக்கு நாடகக் கம்பெனியிலிருந்து கழுத்துவரை பொத்தான் வைத்த நீலக் கோட்டும் இறகு வைத்த தொப்பியும் வந்தன. மார்ச் வெயிலில் அவன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தான். கவிப்ரியா முதல் வரிசையில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், திரு மாதப்பனுக்கும் திரு தெலாமாருக்கும் ரத்த உறவு உண்டா என்று. ரத்தத்தைப் பார்ப்பது மருத்துவமனையின் வேலை. நாங்கள் பார்ப்பது படிவத்தை. ரத்தம் பொய் சொல்லலாம், முத்திரை பொய் சொல்லாது. இன்னும் சிலர் கேட்கிறார்கள், இவ்வளவு செலவில் பிரெஞ்சுக் குடும்பங்களைத் தேடுவதால் மக்களுக்கு என்ன பயன் என்று. பதினோரு பேருக்கு வேலை கிடைத்திருக்கிறதே, அவர்கள் மக்கள் இல்லையா?"

பதினோரு பேரும் கைதட்டினார்கள். சான்றிதழோடு ஆட்சேபணையின்மைப் படிவமும் மாதப்பன் கைக்கு வந்தது. நான் மேடை ஓரமாகப் போய் வாங்கிப் பார்த்தேன். அடியில் கையெழுத்துக்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று, உள்நாட்டு வாரிசு. இன்னொன்று, வெளிநாட்டு வாரிசு.

"சார், இந்த ரெண்டாவது..."

"ஆம், அவரையும் தேட வேண்டும். அதற்குத்தான் பதினோரு ஆண்டுகள் என்றேன்."

கவிப்ரியாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. மார்ச் முடிய இன்னும் நாலே நாள்தான். அவள் அழவில்லை. மேடையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தத் தொப்பியைப் பிடுங்கி இயக்குநர் வாயில் திணிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

அந்த நேரத்தில்தான் கடைசி வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து வந்தார். குட்டை முடி, பருத்திச் சட்டை, தோளில் ஒரு பை. பெயர் ஒதில். வயது அறுபத்தெட்டு. பிரான்சில் ஒரு சின்ன ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாரிசுகள் தொடர்பு கொள்ளவும் என்று மையத்தின் இணையதளத்தில் பார்த்து, பதினொரு கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வராததால் டிக்கெட் எடுத்து நேரிலேயே வந்துவிட்டார். எங்கள் கம்பெனிக்கு ஆடிட் வரும் ஜெர்மன்காரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷில் நான் இதையெல்லாம் கேட்டுச் சொன்னேன். கடிதங்களுக்கு என்ன ஆயிற்று என்று சௌமியாவிடம் கேட்டேன். பிரெஞ்சில் இருந்ததால், 'மொழி புரியாதவை' என்ற ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன என்றாள்.

ஒதில் பையைத் திறந்தார். தெலாமாரில் தொடங்கி ஒதிலின் அம்மா வரைக்கும் ஒரு தலைமுறை விடாமல் மாதா கோயில் பதிவுகள் இருந்தன. தெலாமார் கடைசியாக ஊருக்கு எழுதிய கடிதத்தின் நகல்கூட இருந்தது. அதில் அவர் தளபதி இல்லை, சமையல்காரர். ஊரில் வெயில் அதிகம், வெண்ணெய் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

இயக்குநர் ஒரு காகிதத்தையும் தொடவில்லை. "அம்மையார் அவராகவே வந்திருக்கிறார். வாரிசுகளை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களே வந்து நின்றால் அது எப்படி ஆய்வாகும்? இருப்பினும் விதி அனைவருக்கும் பொது. படிவத்தை நிரப்பட்டும்."

ஒதில் அங்கேயே உட்கார்ந்து நிரப்பினார். அம்மா பக்கம் முழுக்க நிரம்பியது. அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு மட்டும் அப்பா யாரென்று தெரியாதாம். அந்தத் தாத்தாவின் அம்மா சொல்லாமலே செத்துப்போனாராம். எட்டில் ஒரு கட்டம் காலி.

"வருந்துகிறேன். வம்சம் நிரூபிக்கப்படவில்லை" என்று சொல்லிவிட்டு இயக்குநர் சாப்பிடப் போனார்.

ஒதில் ஒன்றும் புரியாமல் நின்றார். கவிப்ரியா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பந்தியில் உட்கார வைத்தாள். சாம்பாரை ஊற்றிப் பிசைந்து காட்டினாள். அப்புறம் என்னிடம், "என்னண்ணா கொறையுது அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு கொள்ளுத் தாத்தா."

"அவ்ளோதானா?"

மாதப்பன் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "என் தாத்தன ஒருத்தர எடுத்துக்கச் சொல்லு" என்றான்.

"உன்னோட எட்டுப் பேரும் சிஸ்டத்துல ஏறிட்டாங்க மாமா. ஒருத்தருக்கு ஒரு கட்டந்தான். எங்கம்மா வழியும் உன் ஆளுங்கதான்." விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "எங்கப்பா மட்டுந்தான் வெளிச் சம்பந்தம். எங்கப்பாவோட தாத்தா இருக்கறாரே, மாரப்பன். அவரு சும்மாதான் இருக்கறாரு."

நான் இங்கிலீஷில் விளக்கினேன். ஒதில் முதலில் நம்பவில்லை. அப்புறம் இலையில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். மாரப்பன் என்ன வேலை செய்தார் என்று கேட்டார். கூலிக்கு மாடு மேய்த்தார் என்றோம். தன் தாத்தாவும் அதே வேலைதான் செய்தார், குடும்பம் ஒத்துப்போகிறது என்றார்.

மாதப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "கவி, உங்கப்பன் வழித் தாத்தன்னா இவங்க உனக்குப் பங்காளி வழி அக்கா ஆவறாங்க. பொண்டாட்டிக்கு அக்கான்னா எனக்கு முறையாயிடும்ல?"

"ஆவட்டும். நீ மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு" என்றாள்.

கவிப்ரியா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். சௌமியா பந்தியிலேயே லேப்டாப்பைத் திறந்து பெயரை ஏற்றினாள். பச்சை காட்டியது. முத்திரை எங்கே என்று பார்த்தால் இயக்குநரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தார். பச்சை என்றால் அவர் மறுக்க முடியாது, அவர் எழுதிய விதி அது. ஒதில் ஆட்சேபணையின்மைப் படிவத்தை மடியில் வைத்து வெளிநாட்டு வாரிசு இடத்தில் கையெழுத்துப் போட்டார், இயக்குநர் இடது கையால் முத்திரை குத்தினார்.

லைன் வீட்டு ஆட்கள் ஒன்பது குடும்பமும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வேப்பனப்பள்ளிக்குப் போனோம். மூன்று நாளில் பேஸ்மெண்ட் மட்டம் வந்தது. ஒதில் ஜல்லி சுமந்தார். முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் இன்ஜினியர் வந்து போட்டோ எடுத்தார். கவிப்ரியா சொன்னபடியே பாத்ரூமைத்தான் முதலில் கட்டினார்கள். தாழ்ப்பாள் போட்ட அன்று அவள் உள்ளே போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. மாதப்பன் கதவைத் தட்டியதற்கு, "சும்மா உக்காந்துகினு இருக்கறேன், போ மாமா" என்று குரல் வந்தது.

மையம் அதோடு மூடப்படும் என்று நினைத்தேன். குடும்பத்தைக் கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன ஆய்வு? அங்கேதான் நான் இயக்குநரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். ஒதில் அம்மாவின் படிவத்தில் வேப்பனப்பள்ளி மாரப்பன் என்று ஒரு பெயர் இருக்கிறதல்லவா? அப்படியானால் மாரப்பன் வம்சம் எப்போது, எந்தக் கப்பலில் பிரான்சுக்குப் போய்க் குடியேறியது? கேள்வி வந்துவிட்டது. மூன்று புதுப் பணியிடங்களும் வந்தன. வாசலில் இப்போது இரண்டாவது பலகை: பிரான்சில் குடியேறிய வேப்பனப்பள்ளிக் குடும்பங்கள் வம்சாவளி ஆய்வு மையம்.

நவம்பரில் ஒதில் போன் செய்தார். இங்கிலீஷில் பேச கவிப்ரியா என்னைக் கூப்பிட்டாள். விஷயம் இதுதான். மையம் அவருடைய ஊர் நகராட்சிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறது. இன்ன தெருவில் இன்ன வீடு வேப்பனப்பள்ளிக் குடியேறி ஒருவரின் வம்ச வீடு, ஆகவே மாரப்பனின் இந்திய வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும்வரை அதில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. மொழி புரியாத கடிதம், ஆனால் முத்திரை பெரிதாக இருந்ததால், நகராட்சியில் அதை ஃபைலில் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் அலுவலகம் அலுவலகம்தான். ஒதிலின் சமையலறைக் கூரை ஒழுகுகிறதென்று ஓடு மாற்ற வந்த ஆளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஒதில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நானும் சிரித்தேன். மாதப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த இந்திய வாரிசு கவிதானே, ரெண்டு வருடம் இழுத்தடிக்கலாம், தாய்மாமன் கையெழுத்துக் கேட்கலாம், கோட்டு போட்டுக்கொண்டு வரச் சொல்லலாம் என்றெல்லாம் சொன்னான்.

கவிப்ரியா சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்து வந்தாள்.

"எங்க மாரப்பத் தாத்தன் குடிசைக்கு ஓல மாத்தணும்னாகூட பண்ணைக்காரர் வாசல்ல போயி நிப்பாராம்ணா. அவரு சரின்னு சொல்ற வரைக்கும் மழைல நனைஞ்சிகினே இருப்பாங்களாம். எங்க தாத்தன் பேரச் சொல்லி ஒருத்தரக் காக்க வெக்கக் கூடாது. எழுதுங்கண்ணா, எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லன்னு."

எழுதிக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். போஸ்ட் ஆபீஸ் மூட இருபது நிமிடம்தான் இருந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கே அனுப்பிவிட்டு வந்தேன்.